பட்டியலிடப்பட்ட பொற்கொடி

செவ்வாய்க்கிழமை காலை பொற்கொடி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் அவளில் பதினொரு சதவீதம் வாங்கியிருந்தார். மாடிப்படியில் பார்த்தபோது, நன்றாகத் தூங்கினாளா என்று அக்கறையாக விசாரித்தார்.

அவளுக்கு ஒரே ஒரு சிக்கல்தான். மாலைநேரச் சட்ட வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஞானராஜ், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று முந்தின நாள் கேட்டிருந்தான். இன்று நாலு மணி ரயிலில் வேலைக்காக நாக்பூர் போகிறான். அதற்குள் பதில் வேண்டும்.

பதில் சம்மதம். ஆனால் பட்டியலிடப்பட்டவர், தன் விலையை அசைக்கும் எந்தச் செய்தியையும் முதலில் சந்தைக்குத்தான் சொல்ல வேண்டும். ஒருவரிடம் மட்டும் முன்கூட்டிச் சொன்னால் குற்றம்.

இருவரும் சந்தை அலுவலகத்துக்குப் போனார்கள். ஞானராஜ் முன்னால் நடந்தான். திரும்பவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் உள்தகவல் அறிந்தவன் ஆகிவிடுவான். அவனும் அதே பாடத்தைப் படித்தவன்தான்.

நடைவழி நீண்டுகொண்டே போனது. நடுவில் தண்டவாளம் குறுக்கிட்டது. நாலு மணி ரயில் அங்கே நின்றிருந்தது. தாண்டிப் போனார்கள்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் படிவத்தைப் படித்தார். காரணம் என்ற கட்டத்தில் பொற்கொடி ‘பிடித்திருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். அது போதுமா என்று சந்தேகம் வந்து, அடித்துவிட்டு, ‘மிகவும் பிடித்திருக்கிறது’ என்று மாற்றியிருந்தாள்.

“அடிச்சு எழுதினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்மா.”

போட்டாள்.

“வேற யாருக்கும் தெரியாதே?”

“தெரியாதுங்க மேடம்.”

“உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. வர்ற வழியில யார் பார்த்தா?”

பொற்கொடி யோசித்தாள். ரயில் ஓட்டுநர் எட்டிப் பார்த்திருந்தார். பார்த்துச் சிரித்தும் இருந்தார்.

அவள் அதைச் சொன்னதும் அம்மாள் ஓட்டுநரைக் குறித்துக்கொண்டார். தகவல் வெளியாகி நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும்வரை, முன்பே அறிந்தவர் பங்கையும் நகர்த்தக் கூடாது, ரயிலையும் நகர்த்தக் கூடாது.

அவள் சம்மதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கூட்டத்தோடு வரிசையில் நின்று ஞானராஜ் படித்தான். இரண்டு முறை படித்தான். தையல்காரரும் வந்திருந்தார்.

“ஏறுது பாப்பா,” என்றார்.

தண்டவாளத்துக்குத் திரும்பியபோது ஓட்டுநர் இறங்கி உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

“நாளை மறுநாள் இதே நேரம்தான் வண்டி எடுப்பேன்,” என்றார். “அதுவரைக்கும் பேசிட்டிருங்க.”

ஞானராஜ் பட்டியலிடப்படாதவன். அவன் முகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொற்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.