வயிறு புடைத்த கெண்டை

என் வாய்க்கு நானே சூடு போட்டுக்கொள்ளலாம் போல் தோன்றிய நாள் அது. ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கடல் மீனென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ஏரி மீனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வேனா? அதுதான் இல்லை.

என் நாத்தனார் ஷரீபுன்னிசா முழுகாமல் இருந்தாள். முன்னே இரண்டு தங்கவில்லை. இந்த முறையும் மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே நிற்கவில்லை. ஏதாவது சாப்பிட வைத்தால்தான் பிள்ளை தங்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கண் குழிந்து கிடந்தவள் அன்று காலை தானாகவே, "அண்ணி, மீன் சினை இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினேன்.

அங்கே செங்கம்மாள் ஏரிக் கெண்டை விற்றுக்கொண்டிருந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். கூடையில் இருந்ததெல்லாம் ஒட்டிய வயிறு. அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஓலைப்பெட்டியில் மட்டும் வயிறு புடைத்த கெண்டைகள் பத்துப் பதினைந்து. வந்ததே எனக்குக் கோபம்!

"சினை மீனையெல்லாம் யாருக்கு ஒளிச்சு வெச்சுகினு கீற? என் வூட்ல வாயும் வயிறுமா ஒருத்தி பட்டினி கெடக்குறா!"

"யம்மா, அது வாணாம்மா, அது வந்து..."

"வந்தாவது போயாவது!" பெட்டியைப் பிடுங்கிப் பையில் கவிழ்த்தேன். சில்லறையை வீசிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து முதல் மீனைக் கீறினேன். சினை இல்லை. வெள்ளை நாடா மாதிரி தட்டையாக ஒன்று நழுவி விழுந்து நெளிந்தது. மீனைவிட நீளம். அடுத்ததிலும் அதே புழு. யா அல்லாஹ்! உள்ளேயிருந்து, "வெந்துடுச்சா அண்ணி?" என்று ஷரீபு சுவரைப் பிடித்தபடி எழுந்து வரும் சத்தம் கேட்டது. இதைப் பார்த்தால் அவள் இனி எதையும் வாயில் வைக்கமாட்டாள். முறத்தைப் போட்டு மூடினேன். "இன்னும் ஆவல, நீ போய்ப் படு!" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு செங்கம்மாள் நின்றாள். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது.

"ஆக்கிட்டியாம்மா?"

"இல்ல."

"அப்பாடா! அது புழு வெச்ச மீனு. கொட்றதுக்குத்தான் ஒதுக்கி வெச்சேன், நீ எங்க சொல்லவுட்ட? துன்னா சாவமாட்டாங்க. ஆனா மசக்கைக்காரி பாத்தா கொடலே வெளிய வந்துடும்." மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்தாள். "இந்தா. கூடைய அப்படியே போட்டுட்டு ஏரிக்கு ஓடுனேன். மோசஸ் வலையில இப்பத்தான் உழுந்துது. நெசமான சினை, பாரு, மஞ்சளா கீது."

"என் வூடு எப்படித் தெரிஞ்சுது?"

"கோவக்கார அம்மா வூடு எதுன்னு கேட்டேன். நாலு பேரு கைகாட்னாங்க."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சினையை மிளகு போட்டுப் பொரித்தேன். செங்கம்மாளை உள்ளே கூப்பிட்டு ஷரீபு பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஒரு வாய். அப்புறம் இன்னொன்று. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். குமட்டவில்லை. ஷரீபு தட்டை என் பக்கம் நகர்த்தி, "சோறு இருக்கா அண்ணி?" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ்! செங்கம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"கைய வுடும்மா," என்றாள் அவள். "பொண்ணு சோறு கேக்குது, போய்ப் போடு."