விசுவலிங்கத்தின் காலர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஜொகூர் பாருவில் ஓர் இசைக்கருவிக் கடை. கிட்டார் கம்பியை மீட்டும் பிக் வில்லைகள் கிடந்த பெட்டிக்கு முன்னால் நின்று, மெல்லியதா தடித்ததா என்று நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன். "ஏதாவது ஒண்ணு எடுங்க லா, எல்லாம் ஒண்ணுதான்," என்றார் கடைக்காரர். எல்லாம் ஒன்றா? வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

1933இல் ரெங்கத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, தவமணிதேவி தன்

(நிறுத்து. மழையில் தொடங்கும் கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். நீங்களும் மூடலாம்.)

மறுபடியும். ஜொகூரின் ரெங்கம், 1933. தவமணிதேவிக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். ஆனால் யாருக்கும் கேட்காது. போன வருடம் இலங்கைத் தமிழர் சங்க விழாவில் அவள் விரல் நுனியால் மீட்டியதை ஆர்மோனியமும் மேளமும் விழுங்கிவிட்டன. "அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தது," என்று சிரித்தார்கள். செயலாளர் கதிரேசு இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "கடைசி வரிசைக்குக் கேக்கவேணும், தங்கச்சி. இல்லையெண்டா இனி மேடை இல்லை."

3

ரெங்கத்தில் அப்போது பிக் விற்கவில்லை. [என் ஊகம்தான். விற்றிருந்தால் கதை இல்லை.] சிரட்டையைத் தேய்த்துப் பார்த்தாள், சத்தம் வந்தது, கம்பி அறுந்தது. கொம்புச் சீப்பின் பல் கரகரத்தது. மெல்லியது மடங்கும், தடித்தது கம்பியைக் கடிக்கும். கடைசியில் நஜ்முதீன் கடையில் ஓர் ஆமையோட்டுச் சீப்பு வாங்கி, அங்கேயே உடைத்தாள்.

"அலமாக்! தலை சீவத்தானேம்மா குடுத்தேன்!" என்று பதறினார் நஜ்முதீன்.

அந்தத் துண்டு அருமையாக இருந்தது, மேடை ஏறும்வரை.

4

பாட்டு தொடங்கியதுமே துண்டு வழுக்கிக் கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்தது. (கிட்டார்க்காரர்கள் சிரிக்கலாம். எல்லோருக்கும் நடந்ததுதான்.) கருவியைக் கவிழ்த்துக் குலுக்கினாள். உள்ளே கடகடத்தது, வெளியே வரவில்லை. கதிரேசு அடுத்த நிகழ்ச்சிக்காரரைத் தேட ஆரம்பித்தார்.

முதல் வரிசையில் அவள் கணவர் விசுவலிங்கம், அரசாங்கக் கிளாக்கர். பக்கத்தில் அவருடைய வெள்ளைக்காரத் துரை. விசுவலிங்கம், சட்டையில் தனியாக மாட்டிக் கழற்றும் விறைத்த செல்லுலாய்ட் காலரை மாட்டாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டார். துரைக்கு முன்னால் காலர் இல்லாமல் இருப்பது அந்த நாளில் வேலைக்கே உலை வைக்கும்.

அவர் காலரைக் கழற்றினார்.

5

இந்த வரியை அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட மனிதர் செய்வாரா? "தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்" என்று மாற்றினேன். சகிக்கவில்லை. பிறகு யோசித்தேன். ஊருக்குக் கேட்காத அந்த வாசிப்பை வீட்டுக்குள் தினமும் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு நல்லதைத் தான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு வலித்தது. அப்படியானால் செய்வார்.

வெற்றிலை மென்றபடி பின்னால் நின்ற நஜ்முதீனிடம் பாக்குவெட்டியை வாங்கி, காலர் முனையை நறுக்கென்று வெட்டி மேடைக்கு நீட்டினார்.

"இஞ்சேரும், இதாலை வாசியும்."

வாசித்தாள். ஐயா, அது என்ன சத்தம்! மடங்கவில்லை, கடிக்கவில்லை. ஆர்மோனியக்காரர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். கடைசி வரிசையில் யாரோ எழுந்து, "கேக்குது! இஞ்சை வடிவாக் கேக்குது!" என்று கத்தினார். எழுதிக்கொண்டிருந்த நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

6

முடிவு. (அ) திங்கட்கிழமை துரை அவரைக் கூப்பிட்டு— வேண்டாம். (ஆ) துரையும் தன் காலரைக் கழற்றி— பொய். துரைக்கு நல்லவன் வேடம் கட்ட என்னால் ஆகாது.

ஆகவே மண்டபத்தை விட்டு நான் வெளியே வரப்போவதில்லை. கைதட்டல் ஓயவில்லை. "இன்னொண்டு, தங்கச்சி, இன்னொண்டு!" என்கிறார் கதிரேசு. அவள் விரலிடையில் இருக்கும் துண்டு விரிசல் விட்டிருக்கிறது. துரை திரும்பி விசுவலிங்கத்தின் வெறுங்கழுத்தைப் பார்க்கிறார். ஒரு முனை போனாலும், காலரை மறுபடி மாட்டிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

தவமணிதேவி மேடையிலிருந்து கையை நீட்டுகிறாள்.

"மற்ற முனையையும் வெட்டித் தாங்கோ."

இந்தாருங்கள், வாசகரே, பாக்குவெட்டியை நீங்கள் பிடியுங்கள்.