தோணிக்கு முன்னால் வரும் கறுப்பு

"அந்தக் கறுப்புத் திரையை எடுங்கோ, சஞ்சீவன் அண்ணா"… சொல்லியாயிற்று, இனி விழுங்க ஏலாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே கூட வேலை செய்கிற இல்ஹாம் படிக்கட்டில் மறித்துச் சொன்னவன், லீவைக் கேள், சம்பளத்தைக் கேள், மனுசன்ட கறுப்புத் திரையில மட்டும் கை வைக்காதே என்று, ஆனால் பஸ்மியாவின் வாய் எப்போது அடுத்தவர் புத்தியைக் கேட்டிருக்கிறது? முதலாளி சஞ்சீவன் கதிரையைத் திருப்பவும் இல்லை. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல், நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை… மேசையில் அவர்கள் செய்த கேம் கருவி, உள்ளங்கை அகலம்தான், எவரும் கழற்றலாம், எவரும் மாற்றலாம், நிரல் முழுக்க ஊருக்கே திறந்து கிடக்கிறது, பிறகு ஏன் ஊர் வருகுதில்லை? வாங்குகிறவர்கள் எல்லாரும் இவர்களைப் போலவே நிரல் எழுதுகிறவர்கள். சனம் வேணும், சனம் வேணும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கதை, சனிக்கிழமைக் கண்காட்சியிலும் சனம் தொடாவிட்டால் இந்த அறையை மூடுவதுதான், ஆனால் பொத்தானை அமத்தினால் உள்ளே இருக்கிற தோணி விளையாட்டா நேரே வருகிறது? கறுப்பில் வெள்ளை இங்கிலீசு கடகடவென்று ஓடி, ஒரு கட்டளை கொடு என்று நிற்கிறது.

இன்று காலை கிண்ணியா பஸ்ஸில் நுஸ்ரத் ராத்தா, பக்கத்து வீடு, தைத்த சட்டைகளை டவுன் கடைக்குக் கொண்டுபோகிறவ, தானாகத்தான் கையை நீட்டினா, "என்ன புள்ள அது, தா பாப்பம்"… அமத்தினா, எழுத்து ஓடியது, உடனே பஸ்மியாவின் மடியில் திருப்பி வைத்துவிட்டா. "நான் ஒண்டும் செய்யல்ல புள்ள, அது தன்பாட்டுல பழுதாப் போச்சு." கை முந்தானைக்குள் போய்விட்டது. அடுத்தவர் சாமானுக்கு ஏதும் ஆனால் முதலில் நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டும், என்ன ஆனது என்று பார்ப்பதெல்லாம் பிறகு, அப்படித்தானே எங்கள் வீடுகளில் பழக்கியது? அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கம்பஸில் முதல் கிழமை, கம்ப்யூட்டர் வகுப்பில் இதே கறுப்பு, அவளும் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு, உடைத்துவிட்டேனோ, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ… பின்வரிசையில் எவளோ சிரித்தாள். போன் எடுத்துக் கேட்க, இது விளங்கினவர் வீட்டில் ஆர் இருந்தது? உம்மா துஆ ஓதுவா, அவ்வளவுதான்.

"அதுக்குப் பயப்படுறவைக்கு விளையாடப் போன் இருக்குத்தானே" என்கிறார் சஞ்சீவன், "இது விளங்கினவைக்கு." அப்ப சனம் வரேல்லை எண்டு ஏன் அழுறீங்கள் என்று கேட்டாள். "படிச்சுக்கொண்டு வருவினம். நீங்கள் படிக்கேல்லையா?" படித்தாள்தான், பல்லைக் கடித்துப் படித்தாள், ஊரே அப்படிப் பல்லைக் கடிக்க வேணும் என்கிறாரா? கோபம்தான், ஆனால் அதற்கு மேலாக ஒரு விடுப்பு, அறிய ஒரு ஆசை, இந்த மனுசனும் ஒருநாள் முதல்தரம் பார்த்திருப்பார்தானே… "முதல்தரம் அதைக் கண்டநேரம் கையை எங்க வச்சிருந்தனீங்கள், அண்ணா?"

"இதென்ன விசர்க் கேள்வி?" என்றார், ஆனால் விரல்கள் விசைப்பலகையை விட்டு எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றன. மூலையில் இல்ஹாம், "போச்சு, நாளைக்கு இவட கதிரை எனக்கு" என்றான். கதிரையை எடுங்கோ என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டாள். திறந்த நிரல்தானே, காலையில் பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டுமுன்பே ஒரு பிரதி எடுத்து வேறு பெயரும் வைத்தாயிற்று, அதில் அமத்தின உடனே தோணி, கறுப்பில்லை, கட்டளையில்லை, சனிக்கிழமை அதோடுதான் அவள் நிற்பாள், இவர்கள் மேசையிலோ கண்காட்சி வாசலிலோ… படியிறங்கும்போதுதான் உறைத்தது, நுஸ்ரத் ராத்தாவுக்குத் தோணி இருப்பதே தெரியாது, அப்படியென்றால் எதற்குக் கை நீட்டினா, விளையாடவா, படித்த பிள்ளையின் கையில் அப்படி என்னதான் இருக்கிறதென்று பார்க்கவா? கேட்கவில்லையே. வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள், பஸ் ஸ்டாண்ட் பக்கமாக, ராத்தாவைக் கேட்க.