ஓடையோரத் துண்டுக் காடு

கிழக்கு வெளுக்கும்போதே களைவெட்டு தொடங்கிவிட்டது. இளங்கரும்பு நின்ற மேட்டுச் செம்மண்ணில், தன் களைக் கூட்டத்துக்கு முன்னே குனிந்தபடி நகர்ந்தாள் பிருங்கி. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து மண்வெட்டிப் பிடி பிசுபிசுத்தது. வலி யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. போன வாரம் பக்கத்து வரிசையில் நின்ற அவள் ஓரகத்தி கபொனேசா, உச்சிவெயிலில் சுருண்டு விழுந்து செத்தாள். பிருங்கி இன்னும் அழவில்லை. புதைத்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள்.

பண்ணை வருமுன் அந்த மேடு முழுக்கக் காடு. வெயில் ஏறினாலும் மூடுபனி விலகாது. காட்டை அழித்துக் கரும்பு வைத்தபின் மண் அடுப்பாய்க் கொதித்தது; மழையும் தவறித் தவறிப் பெய்தது. ஓடையோரம் மிஞ்சிய துண்டுக் காட்டில்தான் மதியம் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள்.

அன்று முதலாளி கசோசி மரமறுக்கும் ஆளோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பிருங்கி, உன் ஆளுங்களோட போயி அந்த ஓடையோரப் புதரை வெட்டு. இனிமே அங்கயும் கரும்புதான்."

"அப்போ மத்தியானம் எங்கய்யா உக்கார்றது?"

"உக்காரவா வந்தீங்க? உலகம் பூரா சூடு ஏறுதாம். ரேடியோவுல சொல்றான். அதுக்கு நானா பொறுப்பு?"

"உலகத்தை விடுங்க. இந்த மேட்டுக் காட்டை அழிச்சது யாரு? மரத்தடியில மூச்சு வருது, இங்க நின்னுபோகுது. கபொனேசாவுக்கு நின்னே போச்சு."

"அவளுக்கு நெஞ்சுக் கோளாறு!"

"ஜீப்புலயே சுத்துறவரைக்கும் உங்க நெஞ்சு நல்லாத்தான்யா இருக்கும்!" என்றான் வரிசையில் நின்ற இசிங்கோமா.

பிருங்கிக்குக் கோபம்கூட வரவில்லை. ஓடையோரம் நடந்துபோய் முதல் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"எந்திரி! இன்னிக்கே வேலையை விட்டுத் துரத்திருவேன்!"

"துரத்துங்க."

இசிங்கோமா அடுத்த மரத்தடியில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மரமறுப்பவன் இயந்திர ரம்பத்தை முடுக்கி, ஓரத்தில் ஆளில்லாத மரத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. ரம்பத்தை நிறுத்திவிட்டான்.

"ஆளு சாஞ்சிருக்கிற மரத்துல ரம்பம் வைக்க மாட்டேன்யா."

"போலீசோட வரேன்!" என்று கசோசி ஜீப்பில் பாய்ந்தார். சொன்னபடி வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"போலீசு வந்தா என்ன செய்யறது அக்கா?" என்று கேட்டான் இசிங்கோமா.

"அவங்களும் நிழலைத் தேடித்தான் வந்து நிப்பாங்க," என்றாள் பிருங்கி.

யாரோ வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, அவித்த மரவள்ளியைப் பிட்டுக் கைமாற்றினார்கள். வாயில் வைத்தபோதுதான் தனக்குப் பசிப்பது அவளுக்குத் தெரிந்தது. தூரத்து வரிசைகளிலிருந்தும் பெண்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டு வந்துகொண்டிருந்தார்கள். பிருங்கி மென்றபடியே நகர்ந்து, பக்கத்தில் ஒருத்திக்கு இடம் விட்டாள்.