ஆள் ஏறின பிறகு

கண்ணாடிக்காரன் அன்றைக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சக்கரத்தை உட்கார வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தான். மீதி மூன்றும் பின்னால் வாடகை வேனில் வந்தன. அவன் வண்டி அப்படி. பாசி நிறம், இரண்டே சீட்டு, கூரை என் நெஞ்சு உயரம்கூட வராது. ஒரு பை காய்கறி வைக்கவே யோசிக்க வேண்டும். உலகத்தில் இரண்டு பேருக்கு மேல் தேவையில்லை என்று நினைத்த எவனோ செய்த வண்டி.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாற்பதைத் தாண்டிய ஆள், மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. முதலில் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வந்தான். என் மகள் பார்த்துச் சரி செய்து அனுப்பினாள். அடுத்த வாரம், ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று வந்தான். அதற்கடுத்து, இப்போது இழுக்கவில்லை என்று சொல்ல வந்தான். ஒன்றும் ஆகாத வண்டியை ஒருவன் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வருகிறான் என்றால் பழுது வேறு எங்கோ இருக்கிறது. எனக்குப் படிப்பு கம்மி. இது புரியப் படிப்பு வேண்டாம்.

கடை என் மகளுடையது. வேகமாகப் போகிற வண்டிகளுக்குச் சக்கரம் மாற்றிக் கொடுப்பாள். கீழே கடை, மேலே நாங்கள் இருவரும் இருக்கிற இரண்டு அறை. நான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்தவன். சக்கரம் என்றால் உருள வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இவள்தான் ஒரு நாள் காலி பெயின்ட் டப்பாவைப் படுக்க வைத்துச் சொன்னாள். டப்பாவுக்குள் குறுக்கே ஒரு தடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடுப்புதான் வண்டியோடு சேர்த்து நட்டுப் போட்டு முடுக்குகிற முகம். டப்பாவின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் ஆஃப்செட். தடுப்பு தெருப் பக்கமாகத் தள்ளியிருந்தால் சக்கரம் வண்டிக்குள் ஒதுங்கும். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். அகலத்தைக் கூட்டினால் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் கூடும். உள்ளே ஸ்பிரிங்கில் இடிக்கிறதா, வெளியே மட்கார்டில் உரசுகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அகலம், ஆஃப்செட் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அழகுக்கு வாங்கி வருகிறவர்கள்தான் அவளுக்குப் பாதி வேலை கொடுக்கிறார்கள்.

எனக்கும் அந்தக் கடையில் ஒரு வேலை உண்டு. நான் பாரம். சக்கரம் மாட்டி முடித்ததும் மகள், "அப்பா, ஏறுங்க" என்பாள். நான் ஏறி உட்காருவேன். தொண்ணூற்றெட்டு கிலோ. வண்டிக்காரன் ஓட்ட, கடை வாசலில் சாக்கடை மேல் போட்ட சிமென்ட் மேட்டில் வண்டி ஏறி இறங்கும்போது, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பாள். முன்பு மணல் மூட்டை வைத்துப் பார்த்தாள். மூட்டை கிழிந்து ஒருவன் சீட்டெல்லாம் மணலானதிலிருந்து இந்த ஏற்பாடு. மூட்டை தூக்கியவனே மூட்டையாகிவிட்டேன். சம்பளம் டீ.

அன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு அவர் வர்றார். வேலை முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு பேசணுமாம்."

"யாரு, அந்தக் கண்ணாடிக்காரனா?"

"காரர்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"என்ன பேசணுமாம்? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது."

"தெரியுதுல்ல? அப்புறம் என்ன கேள்வி."

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் படிக்கட்டில் நின்றேன். முதல் மாப்பிள்ளை நல்ல பேச்சுக்காரன். பேசிப் பேசியே வந்தான், பேசாமலே போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வருடம் நட்டுகளை முடுக்கிய முடுக்கில் பாதியைக் கழற்ற முடியாமல் போனது. இவனைப் பற்றி எனக்கு இரண்டு பயம். மோசமானவனாக இருந்துவிடுவானோ என்று ஒன்று. நல்லவனாக இருந்துவிடுவானோ என்று இன்னொன்று. நல்லவனாக இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த வண்டியில் எத்தனை சீட்டு என்று எனக்கு எண்ணத் தெரியும்.

வேனிலிருந்து சக்கரங்களை இறக்கினோம். சாம்பல் நிறம், ஆரங்கள் மெலிசாக, புது டயர் வாசனையோடு. மகள் ஒன்றைப் புரட்டி உள்முகத்தில் பொறித்திருந்ததைப் படித்தாள்.

"அகலம் ஒம்போது அங்குலம். ஆஃப்செட் முப்பத்தஞ்சு. இப்ப இருக்கறது எட்டு, நாப்பத்தஞ்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க, வண்டிக்கு ஒல்லிக் காலுன்னு" என்றான். "கேட்டா வேண்டாம்பீங்க. நானே அளந்துட்டேன். உள்பக்கம் இடிக்கக் கூடாதுன்னுதான் ஆஃப்செட்டைக் குறைச்சு, கூடுற அகலம் மொத்தமும் வெளிய வர்ற மாதிரி எடுத்தேன். வெளிய ஒரு கட்டைவிரல் அகலம் வருது. மட்கார்டுக்குள்ள அதைவிட இடம் இருக்கு. லென்ஸ் மாதிரிதான். நடு கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டவங்களுக்குத் தலைவலி."

அவள் சிரித்தாள். மற்றவர்கள் இப்படிக் கேட்காமல் வாங்கி வந்தால் அவர்கள் பரம்பரையையே விசாரிப்பாள். இவனிடம் சிரிக்கிறாள். நான் டயர் அடுக்கில் போய் உட்கார்ந்தேன்.

லிஃப்டில் வண்டியைத் தூக்கியிருக்கும்போது நாலும் ஏறின. உள்ளே ஸ்பிரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவள் விரல் போய் வந்தது. வெளியே மட்கார்டுக்குக் கீழே கையே போனது. அவன் சொன்ன கணக்கு சரிதான். கீழே இறக்கியதும் வண்டி காலை அகட்டி நிற்கிற பயில்வான் மாதிரி ஆகிவிட்டது. அவன் ஏறி உட்கார்ந்தான். பின் சக்கரத்துக்கு மேல் இன்னும் ஒரு விரல் இடம் பாக்கி இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து மகளைப் பார்த்தான், பரீட்சையில் முதலாவது வந்தவன் மாதிரி.

"அப்பா, ஏறுங்க."

அந்த வண்டிக்குள் ஏறுவது என்பது கிணற்றில் இறங்குவது. ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, மீதியைக் கடவுள் விட்ட வழியென்று போட வேண்டும். நான் விழுந்ததில் வண்டி ஒரு முறை பெருமூச்சு விட்டது. மெதுவாக வாசல் மேட்டில் ஏறி இறங்கினான். என் பக்கத்துப் பின் சக்கரத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், எலி பலகையைச் சுரண்டுகிற மாதிரி.

மகள் குத்துக்காலிட்டபடியே கையைத் தூக்கினாள். "தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்ப வாங்க. இன்னும் கொஞ்சம் வேகமா ஏறுங்க."

தெருவில் போகும்போது அவன் முகம் சிவந்திருந்தது. நான் விடவில்லை.

"ஆள் இல்லாம அளந்தீங்களா?"

"ஜாக்கி போட்டுத் தூக்கி வச்சு அளந்தேங்க. சக்கரம் கீழ தொங்குச்சு. மேல நிறைய இடம் தெரிஞ்சுது."

"தொங்கும்போது எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒத்தையா போனா ஒரசாது. என்ன, ஒத்தையாவே போகணும்."

"இத்தனை நாளா அப்படித்தாங்க போயிட்டிருந்தேன்."

தெருமுனையில் லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. நின்றோம். இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட என்னமோ பேசணும்னீங்களாம். பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்த வண்டியில நான் எங்க உக்காருவேன்?"

அவன் யோசித்தான். "இந்த வண்டியில உங்களுக்கு இடம் இல்லங்க."

"வேற வண்டி வாங்கறேன்னு சொல்லலாம்ல?"

"சொல்லலாம். ஆனா இதை விக்க மாட்டேன். சொல்லிட்டு விக்காம இருந்தா நாளைக்கு நீங்கதான் கேப்பீங்க."

முதல் மாப்பிள்ளையாக இருந்தால் அந்த லாரி திரும்புவதற்குள் எனக்கு மூன்று கார் வாங்கிக் கொடுத்திருப்பான். அவன் மறுபடி பேசினான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"அவங்க கடையை விட்டு வர மாட்டாங்க. உங்களை விட்டும் வர மாட்டாங்க. மொதல்லயே சொல்லிட்டாங்க. நான்தான் இங்க வரணும். மேல இருக்கற ரெண்டு ரூமுக்கு. அதைத்தாங்க உங்ககிட்ட கேக்கணும்."

லாரி போய்விட்டது. அவன் வண்டியைத் திருப்பினான். என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று நான் மாதக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தேன். தனியாகச் சோறாக்கிச் சாப்பிட்டுப் பார்த்திருந்தேன். படிக்கட்டில் கைப்பிடி இல்லாத இடத்தில் சுவரைப் பிடித்து இறங்கிப் பழகியிருந்தேன். ஒருவன் உள்ளே வருவான் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு அறை. ஒரு குளியலறை, அதன் தாழ்ப்பாள் சரியாக விழாது. என் குறட்டை கீழே கடை வரைக்கும் கேட்கும் என்று மகளே சொல்லுவாள். தெருவைப் பார்த்த ஒரே ஜன்னலுக்குக் கீழேதான் என் கட்டில். அங்கே இன்னொருவன் செருப்பு, இன்னொருவன் துண்டு, காலையில் இன்னொருவன் இருமல். என் வீட்டை நானும் ஆள் இல்லாமல்தான் அளந்து வைத்திருந்தேன் போல.

திரும்பி வந்து மேட்டில் வேகமாக ஏறினான். இந்த முறை சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது.

மகள் வந்து டயரைத் தடவினாள். ஓரத்தில் ஒரு கோடு சீவியிருந்தது. "மட்கார்டு விளிம்பு உள்பக்கமா மடிஞ்சு நிக்குதுல்ல, அது அறுக்குது. மூணு வழி இருக்கு. சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். இல்ல, ஸ்பிரிங்கை இறுக்கமானதா மாத்தலாம், ஒவ்வொரு குழியும் முதுகுல தெரியும். இல்லன்னா விளிம்பைச் சூடு பண்ணி மேல மடக்கி விடலாம். பெயின்ட் வெடிக்கலாம். இந்தப் பச்சை மறுபடி கிடைக்காது."

அந்தப் பெயின்டை அவன் எப்படித் துடைப்பான் என்று நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி துடைக்கிற துணியால் துடைப்பான்.

"மடக்கிடுங்க" என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திருப்பிக் கொடுத்தா எந்தச் சேதாரமும் இல்ல."

"ஒருத்தர் உக்காந்தா ஒரசற வண்டிய வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது."

சொல்லுவது சுலபம். நான் டயர் அடுக்கில் உட்கார்ந்து அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் நீண்ட கையும் நுனியில் உருளையும் உள்ள கருவியை முடுக்கினாள். அவன் சூடான காற்று ஊதுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டான். அவள் உருளையை அழுத்தி முன்னும் பின்னும் இழுக்க, தகடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே படிந்தது. "இன்னும் கிட்ட... போதும், அடுப்பா ஊதறீங்க, தள்ளிப் பிடிங்க" என்று அவள் அதட்ட, அவன் "சரிங்க, சரிங்க" என்று நகர்த்தினான். ஒரு பக்கம் நன்றாக மடிந்தது. மறுபக்கம் முடிகிற நேரத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூவரும் கேட்டோம்.

அவன் குனிந்து நகத்தால் தடவினான். முடி போல ஒரு விரிசல். மகள் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான். வருத்தம் இல்லாத மாதிரி நடிக்கவில்லை. பிறகு, "மழைத் தண்ணி உள்ள போகாம ஏதாவது தடவி விடுங்க" என்றான். அவ்வளவுதான்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டி இறக்கினார்கள். மகள் மடக்கிய விளிம்பு முழுக்க வெள்ளைச் சாக்பீஸ் பொடியைக் குழைத்துத் தடவினாள். உரசினால் டயரில் வெள்ளையாக ஒட்டும்.

"அப்பா, ஏறுங்க."

"நீ ஏறு" என்றேன்.

"என் எடை பத்தாதுப்பா. உங்களுக்கு முக்கால்வாசிகூட வராது."

"அந்தக் கம்ப்ரெசர் பக்கத்துல இருக்கற பெரிய கருவிப் பெட்டியை எடுத்துக் கால்ல வச்சுக்கோ. இன்னைக்கு நான் கேக்கறேன்."

"உங்களுக்கு ஒரு காது மந்தம்."

"இன்னொண்ணு இருக்குல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டு வாசல் மேட்டுக்குப் போய், முட்டி இரண்டும் திட்டத் திட்ட, அவள் உட்காருகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வண்டி மேட்டில் ஏறியது, பின்பக்கம் அமுங்கியது, இறங்கியது. நின்றது. பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக என் முகத்துக்கு நேரே எரிந்தன. இரண்டு ஜன்னலிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஒரசுச்சாப்பா?"

கையை உள்ளே விட்டு டயரின் ஓரம் முழுக்கத் தடவினேன். எடுத்துப் பார்த்தேன். கறுப்புத்தான் இருந்தது, வெள்ளை இல்லை. விளிம்பில் தொட்டேன், விரல் நுனியில் வெள்ளை ஒட்டியது.

"இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். "தம்பி, மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வாங்க. குழி இருக்கற பக்கமா போங்க. வந்தப்புறம் பாக்கலாம்."

பிரேக் விளக்குகள் அணைந்தன. கழற்றிப் போட்ட பழைய ஒல்லிச் சக்கரங்கள் நாலையும் உருட்டி வந்து வாசலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அதன் மேல் உட்கார்ந்து, விரலில் இருந்த வெள்ளையைத் துடைக்காமல், கேட்கிற காதைத் தெருமுனைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.