கீபோர்டில் மட்டும் கை வைக்காதே

மாஸ்டர் என் எடிட்டிங் அறைக்குள் வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை, அந்த ஆளுக்கு என் முகம்கூட ஞாபகமில்லை. அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

"இது என்னோட பழைய பாட்டும்மா. ஒரு சீரியல்காரங்க டைட்டிலுக்குக் கேக்கறாங்க. இப்ப டெம்போ தொண்ணூத்தாறு. அவங்களுக்கு எண்பத்தெட்டுல வேணும்" என்று ஹார்டு டிஸ்க்கை நீட்டினார். நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதுதான் அந்த எண். "அப்புறம், ட்ரம்ஸ் தாளத்தை விட்டுக் கொஞ்சம் முன்னால ஓடும். அப்ப ஒரு பொண்ணு வாசிச்சா. சரியான அவசரக் குடுக்கை. அதை நேர் பண்ணிடு. பாடற குரல், புல்லாங்குழல் எல்லாத்தையும் நேர் பண்ணு. என் கீபோர்டுல மட்டும் கை வைக்காதே."

"கொஞ்சம்கூடவா மாஸ்டர்?"

"மொத்தமா வேகத்தைக் குறை, அவ்வளவுதான். என் விரலை ஒரு மெஷின் வந்து திருத்த வேண்டாம்."

சரி என்று தலையை ஆட்டினேன். அந்த அவசரக் குடுக்கை நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் பெரிய ரெக்கார்டிங், மாஸ்டரின் கீபோர்டோடு எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தது. வாசித்து முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் நிற்க, மாஸ்டர் மைக் பட்டனை அழுத்தி, "எங்கம்மா ஓடறே? அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். புல்லாங்குழல்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துவிட்டு, போதாததற்கு எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயரும் வைத்தார். மறுபடி எடுக்க நேரமில்லையாம். என் வாசிப்பை வைத்துக்கொண்டு, என் பெயரை மட்டும் சிடி அட்டையிலிருந்து தூக்கிவிட்டார்கள். 'எக்ஸ்பிரஸ்' எனக்கு முன்னால் எல்லா ஸ்டூடியோவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. ட்ரம்ஸை அக்கா வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பாட்டை வெட்டி ஒட்டும் இந்த வேலைக்கு வந்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நானும் அதை நம்பினேன். என் கைக்குத் தாளம் நிற்காது என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டெம்போவை மாற்றுவது சாதாரணமாகப் பெரிய வேலையில்லை. காதில் டிக் டிக் என்று கிளிக் சத்தத்தை வைத்துக்கொண்டு வாசித்திருந்தால், சாஃப்ட்வேரில் எண்ணை மாற்றினால் போதும், பாட்டு முழுவதும் அதன்படி இழுபட்டுக்கொள்ளும். ஆனால் மாஸ்டருக்குக் கிளிக் என்றாலே கௌரவக் குறைச்சல். "எனக்கு எதுக்குய்யா அது?" என்பார். அதனால் பீட் எங்கே விழுகிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. நான்கு பீட் கொண்ட ஒவ்வொரு பாரையும் கண்ணால் பார்த்து, கையால் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, பதினேழாவது பாரில் கோடு போடும்போது கை நின்றுவிட்டது. மெட்டு மேலே ஏறும் இடம் அது. திரையில் கீபோர்டின் அலை, ட்ரம்ஸின் அலைக்கு ஒரு நூல் முன்னால் இருந்தது. அடுத்த பாரில் இரண்டு நூல். ட்ரம்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு பார் பொறுத்துப் பார்த்துவிட்டு அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. அதன் பின்னால் புல்லாங்குழல். அதன் பின்னால் பாடும் குரல். முப்பத்து மூன்றாவது பாரில் மெட்டு மறுபடி ஏறியது, மறுபடி அதே வரிசை.

நான் ஓடவில்லை. அவர்தான் ஓடினார். பாட்டு கெடக்கூடாது என்று அவரைக் காப்பாற்ற நான் பின்னால் ஓடினேன்!

அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பன்னெண்டு வருஷமாச்சுடி. அந்த ஆளுக்கும் வயசாயிடுச்சு. விட்டுத் தொலை" என்றாள்.

"வயசானா என்னக்கா? எனக்கும்தான் ஆச்சு."

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"அவர் சொன்னதை அப்படியே பண்ணப் போறேன்."

"நீ இவ்வளவு அடக்கமாப் பேசினாலே எனக்குப் பயமா இருக்குடி" என்று போனை வைத்தாள்.

சொன்னபடியே செய்தேன். ட்ரம்ஸ், புல்லாங்குழல், குரல் மூன்றையும் பீட் பீட்டாக எண்பத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். கீபோர்டின் வேகத்தை மட்டும் மொத்தமாகக் குறைத்தேன், வேறு எதையும் தொடவில்லை. முன்பு நாங்கள் எல்லோரும் கூடவே ஓடியதால் அவர் ஓடியது யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவருக்குத் துணைக்கு ஒருவரும் போகவில்லை.

கேட்டுப் பார்க்கிற அன்று, சீரியல் கம்பெனி மேடம் வந்தார். மாஸ்டர் பழைய பாசத்தில் புல்லாங்குழல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். புல்லாங்குழல்காரர் வாசலிலேயே கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எக்ஸ்பிரஸ்தானே?"

மாஸ்டர் திரும்பினார். "ஓ... நீயா அது?"

"நான்தான் மாஸ்டர். உக்காருங்க" என்று பாட்டைப் போட்டேன்.

பதினாறு பார் வரைக்கும் மாஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பதினேழில் கீபோர்டு கிளம்பியது. இருபத்து நான்கு வரும்போது ஒரு முழு பீட் முன்னால் போய்விட்டது. மேடம் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன சார் இது, ரெண்டு பாட்டு ஒண்ணா ஓடற மாதிரி இருக்கு?"

"ட்ரம்ஸ் மேடம். நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

நான் கிளிக்கைப் போட்டு, கூட ட்ரம்ஸை மட்டும் விட்டேன். இரண்டும் ஒரே சத்தமாக விழுந்தன. அடுத்து புல்லாங்குழல். அதுவும் சேர்ந்தது. அடுத்து குரல். கடைசியில் கீபோர்டை மட்டும் விட்டேன். பதினேழாவது பாரில் அது கிளிக்கை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது.

மாஸ்டர் எழுந்துவிட்டார். "நீ என்னமோ பண்ணியிருக்கே."

"நீங்க கொடுத்த டிஸ்க்ல இருக்கறதையே கேளுங்க மாஸ்டர். இதுல நான் எதையும் தொடலை." பழைய ரெக்கார்டிங்கை, கீபோர்டு ஒரு ஸ்பீக்கரிலும் ட்ரம்ஸ் இன்னொரு ஸ்பீக்கரிலுமாகப் போட்டேன். யார் முதலில் கிளம்புகிறார், யார் பின்னால் போகிறார் என்பது மேடத்துக்கே புரிந்துவிட்டது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. புல்லாங்குழல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நாங்க எல்லாருமே உங்க பின்னாலதான் வந்திருக்கோம் மாஸ்டர்" என்றார்.

வயிறு குளிர்ந்தது என்பார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் நடக்கிறது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ ஏன்மா என் பின்னால வந்தே? பிடிச்சு நிறுத்தறதுதானே ட்ரம்ஸோட வேலை? நீ நின்னிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்."

சுருக்கென்றது. அதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான்.

"நான் நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாஸ்டர்?"

என்ன இருந்தாலும் அவர் இசைக்காரர். காதில் கேட்டபின் பொய் சொல்ல முடியவில்லை.

"ட்ரம்ஸ் பின்னால இழுக்குதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நாளைக்குப் பாட்டு வேணும். இதை என்ன பண்றது?"

கீபோர்டைப் பார் பாராகப் பிடித்து இழுத்து நேராக்க எனக்கு அரை மணி நேரம் போதும். செய்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டருக்கும் அது தெரியும். அவர் கண் என்னிடம் அதைத்தான் கேட்டது.

"மெஷின் திருத்தக் கூடாதுன்னு மாஸ்டரே சொல்லிட்டார். புதுசா வாசிச்சுக் கொடுக்கட்டும் மேடம். கிளிக் போட்டுத் தர்றேன்" என்றேன்.

கீபோர்டை எடுத்து வைத்து, ஹெட்ஃபோனை நானே அவர் தலையில் மாட்டினேன். முதல் முறை பதினேழில் ஓடினார். நிறுத்தினேன். இரண்டாவது முறை பத்தொன்பதில். மூன்றாவது முறை பயத்தில் ஏழிலேயே. ஆறாவது முறை முடிந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. மேடம் வெளியே போய் யாரிடமோ வேறு பாட்டு இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. மாஸ்டர் ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தார், அவருக்கும் அது கேட்டது.

"போதும்மா. நீயே நேர் பண்ணிடேன்" என்று புல்லாங்குழல்காரர் என் காதருகே கெஞ்சினார்.

எனக்கு இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. போன பன்னிரண்டு வருடம் இதனால் திரும்பி வராது என்று தெரியும். அதற்காக இதை விட்டுக்கொடுக்க முடியுமா என்ன?

"ஹெட்ஃபோனைப் போட்டுக்கோங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஏழாவது முறையாக ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன்.