செய்தியில் கேட்ட கூச்சல்

போடியில் ரெபேக்காளின் வேலை என்னவென்று அவள் அண்ணன் ஜெபகுமாருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. "பாட்டுக் கேட்டு எழுதுறா" என்பார். கீழே அவருடைய ஏலக்காய்க் கடை. மாடியறையில் உட்கார்ந்து அவள் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு ஜாஸ் இசை விமர்சனம் எழுதிவந்தாள்.

கடையில் காய் பொறுக்கும் அன்னக்கொடிக்கு ராசிங்காபுரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மலையடிவாரக் கல்குவாரிக்காரர்கள் மண்ணைக் கொட்டி அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஊர்ப் பெண்கள் குவாரிப் பாதையில் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு மறியலுக்கு உட்கார்ந்தார்கள். ரெபேக்காளும் துணி கட்டிக்கொண்டு அன்னக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரிகள் நின்றன. கல் உடைக்கும் இயந்திரமும் நின்றது. அத்தனை பேர் சேர்ந்து அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. நல்ல கச்சேரியில்கூட யாராவது இருமுவார்கள்.

அன்று மத்தியானம் அவள் கடைக்குத் திரும்பியபோது அங்கே டிவியில் அது செய்தியாக வந்தது. கீழே 'குவாரியில் கலவரம்' என்று சிவப்பு எழுத்து ஓடியது. துணி கட்டிய அதே முகங்கள். ஆனால் பெருங்கூட்டம் வெறிகொண்டு கத்தும் சத்தம். ரெபேக்காள் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டாள்.

மாடிக்குப் போய், காதில் ஹெட்போன் மாட்டி, அதே செய்தியைப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். கூச்சலுக்கு அடியில், டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு ஒன்று அதிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த தட்டு. பெங்களூரில் ஒரு ஜாஸ் கச்சேரியில், டிரம்ஸ்காரர் தனியாக வாசித்து முடித்ததும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்த சத்தம் அது. ஒலிப்பதிவு இணையத்தில் கிடக்கிறது. அன்று அவளும் அங்கே எழுந்து நின்று கத்தியிருந்தாள். ஆனந்தத்தில் போட்ட கூச்சலைத்தான் கலவரம் என்று நாடு கேட்டுக்கொண்டிருந்தது.

படம் பிடித்த உள்ளூர் நிருபர் பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"நான் அனுப்புனதுல சத்தமே இல்லக்கா," என்றான் அவன். "ஆபீஸ்ல சேத்திருப்பாங்க."

"அது பொய்யில்லையா பிரபு?"

"படம் நெசந்தானக்கா. சும்மா உக்காந்திருக்கத யாரு பாப்பா?"

இசையைப் பற்றி இத்தனை வருடம் எழுதியவள். ஒரு சத்தத்தைப் பெயர்த்தெடுத்து இன்னொருவர் வாயில் வைப்பது இவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு பதிவுகளையும் இணைத்துச் சேனலுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. செய்தி மட்டும் அவர்கள் இணையப் பக்கத்திலிருந்து காணாமல் போனது.

அதற்குள், கலவரம் என்ற செய்தியைப் பார்த்து, அதிகாரிகள் பதறியடித்துக்கொண்டு குவாரிக்கு வந்தார்கள். வாய்க்காலில் கிடந்த மண்ணை அள்ளச் சொன்னார்கள். தண்ணீர் வந்தது.

மறுவாரம் ரெபேக்காள் கடைக்குள் இறங்கியபோது, காய் பொறுக்கும் பெண்கள் நடுவே அன்னக்கொடி பேசிக்கொண்டிருந்தாள். "நாங்க போட்ட சத்தத்துல மலையே அதிருச்சுடி. அப்பறந்தான் வெரசா ஓடியாந்தாங்கெ."

ரெபேக்காள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நாம கத்தவே இல்ல. இதக் கேளுங்க." கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டினாள், தட்டு எங்கே ஒலிக்கிறது என்றும் சொன்னாள்.

அன்னக்கொடி பொறுமையாகக் கேட்டாள். "நம்ம சத்தந்தான் தாயி இது."

"வாயில துணி கட்டியிருந்தோமேக்கா."

"துணிக்குள்ள இருந்துதான் கத்துனோம். டிவியில நானே பாத்தேன், எத்தன தடவ போட்டாங்கெ. எந்தொண்ட எனக்குத் தெரியாதா?"

பொய் சொல்கிறவள் முகமில்லை அது. அன்று மறியலுக்கு வந்திருந்த மற்ற இருவரையும் ரெபேக்காள் பார்த்தாள். முறத்திலிருந்து ஒருத்தியும் நிமிரவில்லை.

"நீங்க வேணா சும்மா இருந்திருப்பீக தாயி," என்றாள் அன்னக்கொடி, அவள் கையைத் தட்டிக்கொடுத்து. "நாங்க கத்துனோம்."

ரெபேக்காள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாடியேறிப் போய் நடந்தது அத்தனையையும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள், அன்னக்கொடி சொன்னதையும் சேர்த்து. அந்த மாதம் வேறு எதைப் பற்றியும் அவளால் எழுத முடியவில்லை.